கில்ட் காலுறைக் கத்தியோடு சர்ச்சுக்குப் போகலாமா?

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டையும் அதோடு சேர்ந்த உடையையும் அளவெடுத்து மாட்டிவிடும் எங்கள் தொழிலில், கல்யாண சீசன் வந்துவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது. காலுறையின் மேல்மடிப்பில் செருகியிருக்கும் குட்டிக் கத்தியைக் காட்டி, "இதோடு சர்ச்சுக்குள் போகலாமா, கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொள்ளவா?" என்பார்கள். முதல் பாதிக்கான பதில் என்ன நிகழ்ச்சி என்பதைப் பொறுத்தது. இரண்டாம் பாதிக்கு எப்போதும் ஒரே பதில்தான்: பாக்கெட்டில் போடாதீர்கள். கத்தி காலுறையில் பிடி தெரிய இருக்கட்டும், இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும். நடுவில் ஒரு வழியைத் தேடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையோடு சேர்ந்த இந்தக் கத்திக்கு ஸ்கீன் டூ என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் கூர், மடிக்க முடியாத அலகு, நீளம் பெரும்பாலும் 3 முதல் 4 அங்குலம். பகல் உடைக்கு மான்கொம்பிலோ மரத்திலோ செய்த எளிய பிடி. மாலை உடைக்குக் கருமரப் பிடி, வெள்ளிப் பூண், உச்சியில் தேன்நிறக் கல். காலையில் நடக்கும் சர்ச் கல்யாணத்துக்குக் கல் பதித்ததை அணிந்து வருகிறவர்கள் நிறைய. அது தவறு என்று யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ட்வீட் கம்பளிக் கோட்டோடும், கில்ட்டின் முன்னால் தொங்கும் சாதாரணத் தோல் பையான ஸ்போரனோடும் மான்கொம்புப் பிடிதான் பொருந்தும்.

கத்தி ஏன் வெளியே தெரிய வேண்டும்? ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்போது, கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த கத்தியை எடுத்துக் காலுறையில் எல்லோரும் பார்க்கும்படி செருகுவது மலைநாட்டு மரியாதை என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். மலைநாட்டு உடையையே தடைசெய்த 1746ஆம் ஆண்டுச் சட்டம் 1782இல்தான் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு, சுமார் 1812இல் ஹென்றி ரேபர்ன் வரைந்த கிளென்கேரி தலைவர் மெக்டானலின் ஓவியத்தில் வலது காலுறையின் மேல் கத்திப்பிடி தெரிகிறது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது மலைநாட்டு உடை மொத்தமுமே நாகரிகமானது. ஆக, ஒளிக்காமல் வைத்திருப்பதுதான் இந்தக் கத்தியின் மரபு. சர்ச்சுக்கு மரியாதை காட்டுவதாக நினைத்து அதைக் கோட்டுக்குள் ஒளிப்பது மரபுக்கு நேர் எதிரானது.

சட்டமும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. ஸ்காட்லாந்தில் 1995ஆம் ஆண்டின் குற்றவியல் ஒருங்கிணைப்புச் சட்டம், பிரிவு 49. இங்கிலாந்து, வேல்ஸில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. பொது இடத்தில் அலகோ கூர்முனையோ உள்ள பொருளை வைத்திருப்பது இரண்டின்படியும் குற்றம். ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு வரையும் இங்கிலாந்தில் 4 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை கிடைக்கலாம். எல்லோரும் வரும் சர்ச்சும் பொது இடம்தான். "3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் பரவாயில்லையாமே" என்று பலர் சொல்வார்கள். அந்தச் சலுகை மடக்குக் கத்திக்கு மட்டுமே. ஸ்கீன் டூவின் அலகு மடங்காது என்பதால் இரண்டரை அங்குலமாக இருந்தாலும் சலுகை கிடையாது. அலகு மழுங்கிக் கிடப்பதும் காப்பாற்றாது. சட்டம் கூர்மையை அளந்து பார்ப்பதில்லை.

அப்படியானால் மாப்பிள்ளைகள் எல்லாம் எப்படி அணிகிறார்கள்? இரண்டு சட்டங்களிலும் குற்றம் சாட்டப்பட்டவர் எடுத்துக்காட்டக்கூடிய காரணங்கள் சில உண்டு: வேலைக்குத் தேவை, மத காரணம், தேசிய உடையின் பகுதி. சீக்கியர்கள் மத அடையாளமாக அணியும் கிர்பான் கத்திக்கு மத காரணம் துணை நிற்கிறது. ஸ்கீன் டூவுக்குத் தேசிய உடை. இதில் நம் ஆட்கள் தவறாமல் கேட்கும் துணைக்கேள்வி ஒன்று உண்டு: "நான் ஸ்காட்லாந்துக்காரன் இல்லையே, எனக்கும் பொருந்துமா?" சட்டம் "ஏதேனும் ஒரு தேசிய உடை" என்றுதான் சொல்கிறது, அணிபவர் எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை. கிளாஸ்கோவில் நண்பரின் கல்யாணத்துக்கு முழு கில்ட் உடையில் போகும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அது பொருந்தும். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் கத்தி வைத்திருப்பவர்தான், போலீஸ் அல்ல.

இப்போது பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். காலுறையில் இருக்கும்வரை அது உடையின் பகுதி. பார்க்கும் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. கோட்டின் உள்பாக்கெட்டுக்குப் போன அடுத்த நொடி அது ஒளித்து வைத்த கத்தி. சர்ச் வாசலில் மனம் மாறிக் கழற்றி காரின் டாஷ்போர்டு அறையில் போடுவார்கள். கல்யாணம் முடிந்து, உடை மாற்றி, மறுநாள் ஜீன்ஸில் அதே காரை ஓட்டுவார்கள். கில்ட் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போயிருக்கும், கத்தி மட்டும் காரிலேயே கிடக்கும். அப்போது போலீஸ் நிறுத்தினால் தேசிய உடை என்று எதைக் காட்டுவது? அதனால்தான் முடிவை வீட்டிலேயே எடுக்கச் சொல்கிறோம். அணிவதில்லை என்றால் கிளம்பும்போதே மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள். கத்தி இல்லாவிட்டாலும் கில்ட் உடை முழுமையானதுதான். வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் உறையோடு துணியில் சுற்றி, கில்டும் காலுறையும் இருக்கும் அதே பெட்டியின் அடியில் வையுங்கள். அழைப்பிதழும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. விமானம் என்றால் பதிவுப் பெட்டியில் மட்டும், கைப்பையில் வேண்டாம்.

சரி, எந்த நிகழ்ச்சிக்கு அணியலாம்? கல்யாணத்துக்கு அணியலாம். ஸ்காட்லாந்துச் சர்ச்சுகளில் மாப்பிள்ளை ஸ்கீன் டூவோடு பீடத்துக்கு முன் நிற்பது சாதாரணக் காட்சி. ஆனாலும் போதகரைக் கேட்டுவிடுங்கள், அதுவும் ஒத்திகை நாளில். கல்யாணத்தன்று காலை கேட்டால் அவருக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் கத்தியை எங்கே வைப்பது என்ற அதே பிரச்சினை. கேள்வியும் நேரடியாக இருக்கட்டும்: "மாப்பிள்ளையும் தோழர்கள் மூன்று பேரும் காலுறையில் ஸ்கீன் டூ அணிவார்கள், உங்களுக்குச் சம்மதமா?" அவர் தயங்கினால் வாதம் வேண்டாம். நான்கு பேருமே அணியாமல் வாருங்கள். இருவர் அணிந்து இருவர் அணியாமல் நின்றால் புகைப்படத்தில் அது மட்டும்தான் தெரியும்.

சாதாரண ஞாயிறு ஆராதனைக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தடை இருப்பதால் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வழக்கம் தெரியாமல் இருக்கலாம், அவருடைய கவனம் ஆராதனை முழுவதும் உங்கள் காலிலேயே இருக்கும். திருவிருந்து உள்ள நாளில் இன்னும் உறுதியாகச் சொல்வோம், வேண்டாம். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் வாங்கப்போகும் ஞானத் தகப்பனும் அணியக் கூடாது. கூட வந்த இரண்டு வயதுக் குழந்தையின் கை உயரம் சரியாகக் காலுறை மேல்மடிப்பின் உயரம்தான்.

அடக்க ஆராதனைக்குக் கண்டிப்பாக வேண்டாம். ஸ்காட்லாந்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது பெரும்பாலும் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும்தான். வழக்கமாக எட்டுக் கயிறு. யாருக்கு எந்தக் கயிறு என்று எண் போட்ட அட்டையை முன்கூட்டியே கையில் கொடுப்பார்கள். பெயரை அழைத்ததும் குழியின் விளிம்பில் நின்று, முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, கயிற்றை மெல்ல விட வேண்டும். அந்த நிலையில் கெண்டைக்கால் தசை புடைத்துக் காலுறையைக் கீழே தள்ளும். கத்தி மேலே ஏறும். உறை தளர்ந்திருந்தால் கத்தி நழுவிக் குழிக்குள், சவப்பெட்டி மூடியின் மேலேயே விழலாம். துக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்கு அந்தச் சத்தம் ஆயுளுக்கும் மறக்காது. கயிறு அட்டை கையில் வந்திருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

முழங்கால்படியிட்டு ஜெபிக்கும் சர்ச்சிலும் இதே தொல்லை உண்டு. ஸ்காட்லாந்துத் திருச்சபையைப் போன்ற பிரஸ்பிட்டேரியன் சபைகளில் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே ஜெபிப்பார்கள். 1821இல் சென்னை எழும்பூரில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் இந்த மரபில் வந்ததுதான். கத்தோலிக்க ஆலயங்களிலும் எபிஸ்கோப்பல் (ஆங்கிலிக்கன்) ஆலயங்களிலும் முழங்கால் பலகை இருக்கும். அங்கே கல்யாணம் என்றால் வீட்டிலேயே முழு உடையில் மூன்று முறை மண்டியிட்டு எழுந்து பாருங்கள். பிடி முழங்கால் மடிப்பில் குத்தினால் அரை அங்குலம் கீழே இறக்க வேண்டும்.

மாட்டும் முறையில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். காலுறையை இழுத்துவிட்டு, மேல்மடிப்பின் விளிம்பு முழங்கால் சிப்பிக்கு மூன்று விரல் கீழே நிற்கும்படி மடியுங்கள். மடிப்புக்கு உள்ளே, காலுறையை இறங்காமல் பிடிக்கும் கார்ட்டர் எலாஸ்டிக்கைக் கட்டுங்கள். ரத்த ஓட்டம் தடைபடாமல், ஆனால் இரண்டு விரல் நுழையச் சற்றே சிரமப்படும் இறுக்கம் போதும். வலக்கைக்காரர் என்றால் வலது காலில், வெளிப்பக்கமாக, காலுறைக்கும் தோலுக்கும் நடுவே உறையோடு செருகுங்கள். எலாஸ்டிக் உறையின் நடுவில் அழுத்த வேண்டும். வெளியே தெரிய வேண்டியது பிடியின் மேல்பகுதி மட்டும், ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம். உறையின் வாய் வெளியே தெரிந்தால் கத்தி மிகவும் மேலே இருக்கிறது என்று பொருள். பெஞ்சில் உட்கார்ந்து எழும்போது அதுதான் முதலில் விழும். வாடகை உடையோடு வரும் மெல்லிய பருத்திக் காலுறை மதியத்துக்குள் தொய்ந்துவிடும். கம்பளிக் காலுறை மாலைவரை பிடித்து நிற்கும்.

அணிவதற்கு முன் உறையைச் சோதித்தே ஆக வேண்டும். மெத்தையின் மேல், உறையைப் பிடித்துக் கத்தியைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு முறை நன்றாக உதறுங்கள். கத்தி நழுவினால் அந்த உறையை அப்படியே நம்ப முடியாது. ஹீட்டர் பக்கத்தில் வருடக்கணக்கில் கிடந்த பழைய உறையில் தோல் காய்ந்து, உள்மரம் சுருங்கி, பிடிமானம் போயிருக்கும். உறையின் வாய்க்குள் மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஒட்டினால் பல நேரம் சரியாகிவிடும். அதோடு, கருப்பு நூலால் பிடியின் கழுத்தையும் உறையின் வாயையும் சேர்த்து நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கத்தரிக்கோல் இல்லாமல் உருவ முடியாத கத்தி சர்ச்சுக்குள் யாருக்கும் பயம் தராது. போதகரிடம் அனுமதி கேட்கும்போது நூல் கட்டியிருக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள்.

இத்தனை வேலையும் வேண்டாம் என்றால் அலகே இல்லாத பிளாஸ்டிக் ஸ்கீன் டூ இருக்கிறது. பிடியும் உறையும் ஒரே வார்ப்பு, உருவ எதுவுமில்லை. காலுறையில் மேல் ஒன்றரை அங்குலம்தான் தெரியப்போகிறது, மூன்றடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வாடகை உடையோடு வருவது அலகுள்ளதா, வார்ப்பா என்பதைப் பெட்டியைத் திறந்ததும் பாருங்கள். மோதிரம் ஏந்தும் சிறுவனுக்குக் கில்ட் போட்டால் வார்ப்பு மட்டுமே.

சர்ச்சைத் தாண்டியும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பள்ளிக்கூட வளாகம். இங்கிலாந்தில் பல சர்ச்சுகளின் சுவரை ஒட்டியே சர்ச் தொடக்கப்பள்ளி இருக்கும். விருந்தும் பள்ளி மண்டபத்தில் நடக்கும், வண்டியும் பள்ளி மைதானத்தில்தான் நிற்கும். பள்ளி வளாகத்தில் கத்தி வைத்திருப்பது இரண்டு சட்டங்களிலும் தனிப் பிரிவின்கீழ் வரும் தனிக் குற்றம். அங்கேயும் தேசிய உடை என்ற காரணத்தைச் சொல்லலாம் என்றாலும், பள்ளி நிர்வாகம் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. நுழைவாயிலில் பை சோதனை இருக்கும் பேராலய நிகழ்ச்சிகளுக்கும் வார்ப்பையே அணியுங்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. ஸ்காட்லாந்தில் பிறந்த போதகர் பீட்டர் மார்ஷல் 1941இல் வாஷிங்டனில் தொடங்கிவைத்த, கில்ட்டின் கட்டம்போட்ட துணியை ஆசீர்வதிக்கும் டார்ட்டன் ஆராதனை இன்று பல ஊர்களில் நடக்கிறது, கில்ட் உடையில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் உள்ள தேசிய உடைக் காரணத்தை நம்பி அங்கே போகக் கூடாது, சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சஸில் வழிபாட்டு இடங்களுக்கான கட்டுப்பாடு 5.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத்தான். விர்ஜீனியாவிலோ ஆராதனை நடக்கும்போது தக்க காரணமின்றிக் குத்துவாள் போன்ற ஆயுதத்தோடு சர்ச்சுக்கு வருவதைப் பற்றித் தனிச் சட்டப்பிரிவே இருக்கிறது. ஏற்பாட்டாளர்களிடம் கேட்காமல் அங்கே அலகுள்ள கத்தியை அணிய வேண்டாம்.

சர்ச்சில் எல்லாம் ஒழுங்காக நடந்தபிறகு விருந்தில்தான் விபத்து வரும். கெய்லி என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்தில் எட்டுப் பேர் கைகோத்துச் சுற்றும்போது காலுறை இறங்கி, கத்தி தரையில் சறுக்கிப் போகும். குடித்தவர் ஒருவர் அதை எடுத்துக் கேக் வெட்டுவார், இன்னொருவர் பாட்டில் திறப்பார். சாப்பாடு முடிந்து, நடனம் தொடங்குமுன் மாப்பிள்ளைத் தோழன் ஒருவர் எல்லாருடைய கத்தியையும் உறையோடு வாங்கி, எண்ணி, ஹோட்டல் அறையின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டட்டும். யார் அந்தப் பொறுப்பை எடுப்பது என்பதை ஒத்திகை நாளிலேயே முடிவுசெய்யுங்கள். மறுநாள் கில்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கத்தியும் அதே பெட்டியில் போக வேண்டும்.