ஹிஜாப்னா துணியா, திரையா?

ஹிஜாப்னு சொன்னதும் மனசுல வர்றது தலைய சுத்திக் கட்டுற துணிதான், ஆனா அந்த அரபுச் சொல்லோட நேர் அர்த்தம் துணி இல்லீங்க. ஹ-ஜ-ப ங்கிற வேர்லேர்ந்து வந்தது, மறைக்கிறது, தடுக்கிறது, ரெண்டுக்கு நடுவுல நிக்கிறது, அவ்ளோதான். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசை இருக்கே, அதுக்குக்கூட அரபில ஹிஜாப்னுதான் பேரு.

குர்ஆன்ல இந்தச் சொல் 7 இடத்துல வருது, ஒரு இடத்துலயும் தலைத்துணிய குறிக்கல. 7:46ல, அதாவது 7வது அத்தியாயம் 46வது வசனத்துல, சொர்க்கவாசிகளுக்கும் நரகவாசிகளுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு, 19:17ல ஈசா நபியோட (இயேசுவோட) அம்மா மர்யம் தன் ஆளுங்ககிட்டேர்ந்து ஒதுங்கினப்போ ஏற்படுத்திக்கிட்ட திரை, 33:53ல நபியோட மனைவிமார்கிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா திரைக்கு அந்தப்பக்கம் நின்னு கேளுங்கன்னு ஆம்பளைங்களுக்குச் சொன்னது.

அப்போ துணிக்கு என்ன சொல்? கிமார். 24:31ல அதோட பன்மை குமுர் வருது, அத நெஞ்சு மேல போட்டுக்கட்டும்னு. 33:59ல ஜில்பாப், அது மேல போர்த்துற பெரிய துணி. பெரும்பாலான மார்க்கச் சட்ட அறிஞர்கள் தலைய மறைக்கிறது கடமைன்னு சொல்றது இந்த வசனங்கள வச்சுதான், அதனால ஹிஜாப்ங்கிற சொல்லு துணிய குறிக்கலன்னதும் "பாத்தியா, மார்க்கத்துலயே இல்ல"ன்னு கிளம்பிடாதீங்க. அதே மாதிரி 24:31க்கு முந்தின வசனம் ஆம்பளைங்களப் பாத்து பார்வைய தாழ்த்திக்கோங்கன்னு சொல்லுது, அத மட்டும் நெறைய பேரு சத்தமில்லாம தாண்டிப் போயிடுறாங்க.

பர்தா பாரசீகச் சொல், அதுக்கும் அர்த்தம் திரைச்சீலைதான். நம்மாளுங்க பர்தான்னு சொல்ற கறுப்பு அங்கிக்கு அரபில அபாயான்னு பேரு. நிகாப்ங்கிறது கண்ண விட்டுட்டு முகத்த மூடுறது.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? தலைத்துணிக்கு முக்காடுன்னு அருமையான சொல் இருக்கு, புதுசா எதையும் உருவாக்க வேண்டாம். நிகாபுக்கு முகத்திரை. சில பேரு முகமூடின்னு எழுதுறாங்க, அது திருடனுக்கும் கூத்துக்கும் போடுறது, இங்க ஒட்டவே ஒட்டாது. பழைய அர்த்தத்துல வர்ற ஹிஜாபுக்கு திரையே போதும், இன்னும் பழசா வேணும்னா எழினி, சிலப்பதிகாரத்துல அரங்கேற்று காதையில மூணு வகை எழினி வருது. ஆனா அது மேடைத் திரை, எழுதினா யாருக்கும் புரியாது, விட்டுடுவோம்.

கஷ்டமான சொல்லு ஹயா. எல்லாரும் வெட்கம்னு மொழிபெயர்த்துட்டுப் போறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. ஹயா ஈமான்ல, அதாவது இறைநம்பிக்கைல, ஒரு பகுதின்னு நபி சொன்னதா வர்ற ஹதீஸ் (நபிமொழி) ஒரு ஆம்பளையோட ஹயாவப் பத்தினது, ஒருத்தர் தன் சகோதரன இவ்ளோ கூச்சப்படாதன்னு கண்டிச்சிட்டு இருந்தப்போ அவன விடுன்னு சொன்னது. இதுக்குச் சரியான சொல் வள்ளுவர்கிட்ட இருக்கு, நாணுடைமை, 102வது அதிகாரம். முதல் குறள்லயே தப்பான காரியத்துக்கு நாணுறதுதான் நாண், பொம்பளைங்களோட நாணம் வேறன்னு பிரிச்சு வச்சிட்டாரு. ஹயாவ வெட்கம்னு எழுதினா அது பொண்ணுங்க தலையில மட்டும் போய் உக்காந்துக்குது.

இன்னொண்ணு, பெயர்ச்சொல்ல பத்தியே சண்ட போடுறோம், வினைச்சொல்ல யாரும் பாக்குறதில்ல. முக்காடு போட்டுக்கிறா, முக்காடு போட வைக்கிறாங்க, முக்காட்ட கழட்ட வைக்கிறாங்க, மூணும் மூணு விஷயம். ஈரான்ல 1936ல மன்னர் ரேசா ஷா முக்காட்டுக்குத் தடை போட்டு போலீஸ விட்டு தெருவுல இழுத்துக் கழட்ட வச்சாரு, அதே நாட்டுல 1983ல போடலன்னா 74 கசையடி வரைக்கும்னு சட்டம் வந்துச்சு. பிரான்ஸ்ல 2011லேர்ந்து பொது இடத்துல முகத்திரைக்குத் தடை. துணி மாறினாலும் எல்லாத்துலயும் வினை ஒண்ணுதான், வைக்கிறது. 'போட்டுக்கிறா'ன்னு (எழுத்துல போட்டுக்கொள்கிறாள்) சொல்றப்போ வர்ற அந்த 'கொள்' இருக்கே, அது செய்யிறவளே தனக்காகச் செஞ்சுக்கிறதக் காட்டுது.

மேல சொன்ன மர்யம் வசனத்துல வர்ற அரபு வினையும் அப்படித்தான், இத்தகதத், அதாவது தனக்குன்னு எடுத்துக்கிட்டாங்க.