ஹன்டே: சொல்லும் அதற்குரிய தமிழும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கராத்தே பழகும் பிள்ளைகள் அன்றாடம் சொல்லும் ஜப்பானியச் சொற்களுள் ஒன்று 'ஹன்டே'. வெறுங்கையால் உடம்பிலும், காலால் தலை வரையிலும் உண்மையாகவே அடித்துப் பொருதும் கியோகுஷின் போன்ற முழுத் தாக்குக் கராத்தேயில், குறித்த நேரத்துக்குள் 'இப்போன்' எனப்படும் முழுப்புள்ளி எவருக்கும் கிடைக்காதபோது முதன்மை நடுவர் இச்சொல்லை உரக்கக் கூவுவார். அதைக் கேட்டதும் நான்கு மூலைகளில் அமர்ந்திருக்கும் துணை நடுவர்கள் சிவப்புக் கொடியையோ வெள்ளைக் கொடியையோ உயர்த்துவார்கள். இருவரும் சமம் என்று கருதுபவர் இரண்டு கொடிகளையும் கீழே குறுக்காகப் பிடிப்பார். முதன்மை நடுவரையும் சேர்த்து ஐவரில் மூவர் ஒரே நிறத்தின் பக்கம் நின்றால் அந்நிறத்துக்குரிய ஆட்டக்காரருக்கு வெற்றி. இல்லையேல் நீட்டிப்பு ஆட்டம், அதற்கும் பிறகு எடை வேறுபாடு, பெருந்தொடர்களில் பலகை உடைத்த எண்ணிக்கை.

இச்சொல் இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. 'ஹன்' என்ற எழுத்தின் இடப்பாதி 'பாதி' என்ற பொருளுடையது. வலப்பாதி கத்தியைக் குறிப்பது. 'டே' என்பது உறுதிசெய்தல். ஆக, பிரித்துப் பார்த்து உறுதிசெய்வதே ஹன்டே. ஜப்பானியர் தேர்வில் ஒருவர் தேறினாரா இல்லையா என்று முடிவுசெய்வதற்கும் இதே சொல்லை ஆள்கிறார்கள். ஆனால் நீதிமன்றத் தீர்ப்புக்கு அவர்களிடம் 'ஹன்கெட்சு' என்று வேறொரு சொல் இருக்கிறது. நாம் கவனிக்கத் தவறும் வேறுபாடு இதுதான்.

நம் மாவட்டப் போட்டிகளில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர்கள் ஹன்டேயைத் 'தீர்ப்பு' என்றே சொல்கிறார்கள். தீர்ப்பு என்றால் வழக்கு தீர வேண்டும். இரு தரப்பையும் கேட்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். ஒப்பாதவர் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில்கூட (ஐந்து என்ற எண்ணிலிருந்து வந்த அச்சொல் ஐந்து நடுவர் கொண்ட இந்தக் களத்துக்கும் பொருந்துவதை எண்ணி நான் வியந்ததுண்டு) மரத்தடியில் உட்கார்ந்து பேசித்தான் முடிவுக்கு வருவார்கள். ஹன்டேயில் பேச்சே இல்லை. நால்வரும் ஒரே நொடியில் கொடியை உயர்த்துகிறார்கள், காரணம் எவரும் சொல்வதில்லை.

என் அண்ணன் மகன் ஒரு தொடரின் இறுதி ஆட்டத்தில் தோற்றபோதுதான் இது எனக்கு உறைத்தது. கே.ஆர்.பி. அணைச் சாலையில் விடியுமுன் ஓடிப் பல மாதம் உழைத்தவன் அவன். நீட்டிப்பு ஆட்டத்தில் எதிராளியின் தொடையில் விடாமல் உதைத்தான். அந்தப் பையன் நொண்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரண்டு வெள்ளைக் கொடிகள் எழுந்தன, இரண்டு கொடிகள் குறுக்காக நின்றன, முதன்மை நடுவர் வெள்ளையோடு சேர்ந்தார். விதிப்படி அது சரியான வெற்றி. "தீர்ப்புன்னு சொன்னாங்களே சித்தப்பா, காரணம் சொல்லலையே?" என்று அவன் கேட்டான். அந்தச் சொல்லைக் கேட்டவனுக்குக் காரணத்தை எதிர்பார்க்கும் உரிமை இருந்தது. முதலில் எதிராளிக்கு நேர்ந்த பாதிப்பு, அடுத்துப் பயன்தந்த அடிகள், அதன்பின் முனைந்து தாக்கும் வேகம் என நடுவர்கள் வரிசையாக எடைபோட வேண்டும். ஆனால் வலியை மறைப்பதும் இக்கலையின் பயிற்சியே என்பதால், ஒரு மூலையில் தெரிவது இன்னொரு மூலையில் தெரியாமல் போகலாம்.

எல்லாச் சர்ச்சையும் ஹன்டே அன்று. 1991இல் தோக்கியோவில் நடந்த உலகத் தொடரில், நிறுத்தும் அறிவிப்பு எழுந்த கணத்தில் பிரேசிலின் பிரான்சிஸ்கோ பில்லோவின் உதை தலையில் விழ, சுவிட்சர்லாந்தின் ஆண்டி ஹக் மயங்கி விழுந்தார். எதிர்ப்பு எழுந்தும் அது பில்லோவுக்கு முழுப்புள்ளியாகவே நின்றது. 1987 உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் அகியோஷி மட்சுயியிடம் தோற்றிருந்த ஹக்கின் உலகப் பட்டக் கனவு அங்கேயே முடிந்தது. அங்கே கொடிகளுக்கு வேலை வரவில்லை; உதை எப்போது விழுந்தது என்பதே கேள்வி.

ஹன்டேக்கு நான் முன்வைக்கும் தமிழ், 'நடுவர் துணிபு'. துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டியெடுத்த துண்டே நாம் உடுத்தும் துணி. துணிதலுக்கு ஐயம் நீங்கி முடிவுக்கு வருதல் என்ற பொருளும் உண்டு. ஜப்பானிய எழுத்தில் உள்ள கத்தி நம் வேர்ச்சொல்லிலும் இருக்கிறது. இதைவிட நெருங்கிய இணை எனக்குத் தெரியவில்லை. நடுவர் என்பதில் உள்ள 'நடு' இடையைக் குறிப்பது. நடுகற்கள் நிறைந்த நம் மாவட்டங்களில் இதைச் சொல்லியாக வேண்டும்: நடுகல்லில் இருப்பது ஊன்றுதல் என்ற வினை, அது வேறு சொல்.

எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 'துணிவு' என்று எழுதினால் படிப்பவர் வீரம் என்றே கொள்வார். 'நடுவர் துணிந்தார்' என்பதும் அப்படியே. ஆகவே பெயர்ச்சொல்லாக, 'நடுவர் துணிபு: வெள்ளை மூன்று, சமம் இரண்டு' என்று எண்ணிக்கையோடு சேர்த்து அறிவிப்பதே பொருந்தும்.