ஷேங்க்: கணைக்காலா, காம்பா?

காருக்குப் பின்னால் பயண டிரெய்லரை மாட்டி இழுப்பது பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், 'ஹிட்ச் ஷேங்க்' என்பதற்குக் 'கொக்கிக் கணைக்கால்' என்று போட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு இடத்தில் என்றால் விட்டுவிடலாம். இப்போது அதுவே கலைச்சொல்லாக நிலைத்துவிடும் போலிருக்கிறது.

காரின் பின்சட்டத்தில் ஒரு சதுரக் குழாய் இருக்கும். அதற்குள் செருகி, குறுக்கே ஊசி போட்டுப் பூட்டுகிற இரும்புதான் ஷேங்க். அதன் மறுமுனையில் ஓர் உருண்டை. டிரெய்லரின் மூக்கிலுள்ள கிண்ணம் அந்த உருண்டைமேல் உட்காரும். காரையும் டிரெய்லரையும் இணைக்கும் இந்த அமைப்புதான் ஹிட்ச். பழைய ஆங்கிலத்தில் ஷேங்க் என்றால் கால், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி. தொடையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் 'ஷெங்கெல்' இதற்கு உறவு. நாளடைவில் நங்கூரம், திருகாணி, துளையிடும் அலகு ஆகியவற்றின் தண்டுப் பகுதிக்கும் அதே பெயர் வந்தது.

கருவிக்கு ஷேங்க் என்றால் ஆங்கிலம் பேசுகிறவருக்குக் கால் நினைவுக்கு வராது. தமிழில் கணைக்கால் என்றால் காலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. சில ஷேங்குகள் 'எல்' வடிவில் இருப்பதால் காலும் பாதமும்போல இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் 2 அங்குலம், 2.5 அங்குலம் என்று அளவு சொல்வது குழாய்க்குள் போகும் பகுதியைத்தான். அது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் காலாகத் தெரியாது. அப்புறம், இதில் கொக்கி எங்கே இருக்கிறது? உருண்டையும் கிண்ணமும்தானே!

தூய தமிழ் அன்பர்கள் 'இழுவைத் தண்டு' என்கிறார்கள். நல்ல தமிழ்தான், சிக்கல் வேறு இடத்தில். பெரிய டிரெய்லருக்கு எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் மாட்டினால் அதில் இரண்டு வில்தண்டுகள் கூடவே வரும். 'தண்டைச் சரிபாருங்கள்' என்று எழுதினால் எதைப் பார்ப்பது?

என் தேர்வு காம்பு. பூவுக்குத்தானே காம்பு, இரும்புக்கு ஏது என்று தயங்க வேண்டாம். மண்வெட்டிக்கும் காம்பு உண்டு, அதுவும் துளைக்குள் செருகி நிற்பதுதான். ஹிட்சுக்குக் 'கொளுவி' என்பேன். கொளுவுதல் என்றால் மாட்டுதல், இணைத்தல். ஆக, கொளுவிக் காம்பு.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சதுரக் குழாயை, அதாவது ரிசீவரை, 'பெறுநர்' என்று எழுதுகிறார்கள். கடிதமா அனுப்புகிறோம்? இதைவிட மோசம், 'டிராப்' என்பதற்கு '4 அங்குல வீழ்ச்சி' என்று எழுதுவது. படிப்பவர் ஏதோ கழன்று விழும் என்றல்லவா பயப்படுவார்! அது தாழ்வு, அதாவது உருண்டை குழாயைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்பது, அவ்வளவுதான். காரில் சாமான்களை ஏற்றிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, குழாயின் உள்மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்கவேண்டும். 22 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரை ரசமட்டம் வைத்து மட்டமாக நிறுத்தும்போது கிண்ணத்தின் அடிவிளிம்பு 18 அங்குலத்தில் இருந்தால், சாதாரண உருண்டைக் கொளுவிக்கு 4 அங்குலத் தாழ்வுள்ள காம்பு வேண்டும். கிண்ணம் குழாயைவிட மேலே இருந்தால் உயர்வுள்ள காம்பு.

இந்தக் கணக்குத் தவறி டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டால், காரின்மேல் விழவேண்டிய மூக்குச்சுமை குறைந்து வால் ஆட்டம் போடும். மூக்கு கீழே குத்தினால், இரட்டை அச்சு டிரெய்லரில் முன் அச்சுச் சக்கரங்கள் கூடுதல் சுமை தாங்கும்.

பல காம்புகளைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினால் தாழ்வு உயர்வாகிவிடும். எவ்வளவு எளிய செய்தி! 'கணைக்காலைக் கவிழ்த்துப் பெறுநரில் நுழைக்கவும்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?