கல்லீரல் வெளியேற்ற மறந்த செம்பு

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரி ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் அறுந்த நூலைப் பார்க்காமலேயே முடிந்துவிடுவார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குப் பத்தொன்பது வயதில் அந்த முடிச்சு வராமல் போனது. விரல் நடுங்கியது, பேச்சு குழறியது. குடிக்கிறான் என்றார்கள். புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று அவன் அம்மா கேட்டார். பாவம், கோளாறு எலும்பில் இல்லை. கடைசியில் கண் டாக்டர்தான் கண்டுபிடித்தார். கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையம். செம்பு படிந்த தடம் அது.

லண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912இல் விவரித்ததால் இதற்கு வில்சன் நோய் என்று பெயர். நாம் சாப்பிடும் பயறு, கொட்டை, ஈரல் எல்லாவற்றிலும் செம்பு உண்டு. தேவைக்குப் போக மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுகிற புரதத்தைச் செய்யும் மரபணு ஏடிபி7பி, 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1993இல் அடையாளம் கண்டார்கள். மரபணு என்றால் என்ன என்று கேட்கும் தறிக்காரர்களிடம் ஜக்கார்டு அட்டை, அதாவது சேலையில் எந்தப் பூ விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளை அட்டை மாதிரி என்றால் போதும்: துளை ஒன்று பிசகினாலும் கரையில் பூ கெட்டுவிடும். இந்த அட்டை நூற்றுக்கணக்கான விதங்களில் பிசகலாம். பிசகினால் செம்பு கல்லீரலில் தேங்கி, நிரம்பி, ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். அங்கே ஆழத்தில் கைகால் அசைவைச் சீராக்கும் நரம்பணுக்களை மெல்ல அழிக்கும்.

அப்பா வழி அட்டை, அம்மா வழி அட்டை இரண்டும் பழுதானால்தான் நோய். அதனால் அபூர்வம், சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். ஆனால் எங்கள் பக்கம் தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது சகஜம். இருவருக்கும் மரபணுக்களில் ஏறக்குறைய கால்வாசி பொது. ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்து சேர அதுவே வழி. பையனின் அப்பா அம்மாவும் அந்த உறவுதான்.

ஹன்டிங்டன் மாதிரி மூளையை மெல்ல அழிக்கும் மரபணு நோய்களை நிறுத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. இதற்கு உண்டு. பெனிசிலமைன் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும். துத்தநாகம் குடலிலேயே மறிக்கும். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் தொடங்கினால் நடுக்கம் வராமலே தடுக்கலாம்.

கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால் தங்கையையும் சோதித்தார்கள். நடுக்கமே இல்லை, ஆனால் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு எக்கச்சக்கம். இப்போது அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் மாத்திரை. சீதனமாக வந்த செப்புக் குடம் பரணில் கிடக்கிறது.