புதிய கல்லீரலில் மீண்டும் கொழுப்பு சேர்வது ஏன்?

கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்காகக் கொடையாளியிடமிருந்து பெறப்படும் கல்லீரலில் சில வேளைகளில் ஓரளவு கொழுப்பு படிந்திருக்கும். 30 சதவீதத்துக்கும் அதிகமான செல்களில் கொழுப்பு பெரிய துளிகளாக நிறைந்திருந்தால், பொருத்திய பின் அந்தக் கல்லீரல் சரிவர இயங்காமல் போகும் ஆபத்து கூடும் என்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அப்படிப் பொருத்தப்பட்ட கல்லீரலிலிருந்து சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துச் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதித்தால், முன்பிருந்த கொழுப்பில் பெரும்பகுதி மறைந்துபோயிருப்பது பல நோயாளிகளிடம் தெரியவருகிறது. இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. கொழுப்பின் சுவடே இல்லாத நல்ல கல்லீரல், நீரிழிவும் உடல்பருமனும் உள்ள ஒருவரின் உடலுக்குள் போன பிறகு, சில ஆண்டுகளுக்குள் கொழுப்பேறிய கல்லீரலாக மாறிவிடுகிறது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே கொழுப்புக் கல்லீரல் நோயின் இயல்பு புரியத் தொடங்கும். நோய் வெளிப்படும் இடம் கல்லீரல். அது உருவாகும் இடமோ பெருமளவில் கல்லீரலுக்கு வெளியே இருக்கிறது.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் காணப்பட்டால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படுகிறது. இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை, அடையாளமிடப்பட்ட அணுக்களைப் பயன்படுத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் கல்லீரலில் சேர்ந்திருந்த கொழுப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தத்தில் கசிந்து வந்தது. ஏறத்தாழ கால் பங்கைக் கல்லீரலே சர்க்கரையிலிருந்து தயாரித்திருந்தது. உண்ட உணவின் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 சதவீதம் மட்டுமே. எண்ணெயைக் குறைத்துவிட்டால் போதும் என்று நம்புவோர் இந்தக் கணக்கை ஒருமுறை கவனிப்பது நல்லது.

கொழுப்புத் திசு ஏன் கசிகிறது? உணவுண்ட பின் சுரக்கும் இன்சுலின், கொழுப்பைப் பிரித்து வெளியிடும் வேலையை நிறுத்திவைக்குமாறு கொழுப்புச் செல்களுக்கு உணர்த்துகிறது. இன்சுலின் எதிர்ப்பு நிலையில் இந்தச் செய்தி செல்களின் செவியில் ஏறுவதில்லை. கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகின்றன. கணையம் ஈடுகட்ட மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின், சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. வரும் கொழுப்பைக் கல்லீரல் எரித்தோ, புரதத்துடன் பிணைத்து இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பியோ சமாளிக்கப் பார்க்கும். வரத்து இந்த இரண்டையும் விஞ்சும்போது மிச்சம் செல்களுக்குள் தேங்குகிறது. தேக்கம் நீடித்தால் சிலரிடம் அழற்சியும், அதைத் தொடர்ந்து நார்த்திசுப் பெருக்கமும், இறுதியில் கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் நிலையும் ஏற்படுகின்றன.

கொழுப்புக் கல்லீரலால் சிரோசிஸ் வந்த ஒருவருக்கு மாற்று அறுவைச் சிகிச்சை செய்யும்போது, பழுதான கல்லீரல் அகற்றப்படுகிறது. கொழுப்புத் திசு, தசை, கணையம், பல்லாண்டுகளாக ஊறிப்போன இன்சுலின் எதிர்ப்பு ஆகியவை அப்படியே இருக்கின்றன. ஆகவே இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுகளுக்குள் புதிய கல்லீரலிலும் கொழுப்பு திரும்புவதில் வியப்பில்லை. வைரஸ் தொற்று போன்ற வேறு காரணத்துக்காகக் கல்லீரல் மாற்றப்பட்டவர்களுக்கும் முதன்முறையாகக் கொழுப்புக் கல்லீரல் வருவதுண்டு. ஆனால் திரும்பி வரும் நோயைவிட அது பொதுவாக மிதமானதாகவே இருக்கிறது. (மது அருந்துவதை மீண்டும் தொடங்கியவர்களிடம் காணப்படும் கொழுப்பு தனி வகை, அதை இங்கே சேர்க்கவில்லை.)

வேறு காரணத்துக்காக மாற்றப்பட்டவர்களுக்கும் இது ஏன் வரவேண்டும் என்பதற்கான விடை, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் உடல் தேறிவரும் விதத்தில் இருக்கிறது. சிரோசிஸ் நோயாளிகள் பசியின்றி வாடி, தசையைப் பெருமளவில் இழந்த நிலையில்தான் அறுவைச் சிகிச்சைக்கு வருகிறார்கள். வயிற்றில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டுவதால் இந்த இழப்பு பல வேளைகளில் தெரிவதே இல்லை. புதிய கல்லீரல் இயங்கத் தொடங்கியதும் பசி திரும்புகிறது. உணவுக் கட்டுப்பாடுகள் தளர்கின்றன. முதல் ஆண்டிலேயே எடை வேகமாக ஏறுகிறது. குடும்பத்தினர் மகிழ்ச்சியோடு பார்க்கும் இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு கொழுப்பு என்பதே சிக்கல். இழந்த தசை மிக மெதுவாகத்தான் மீள்கிறது, சிலருக்கு முழுமையாக மீள்வதே இல்லை. உணவிலிருந்து வரும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் முதன்மையான உறுப்பு தசைதான். அது மெலிந்திருக்கையில் கொழுப்பு மட்டும் கூடினால் இன்சுலின் எதிர்ப்பு தழைப்பதற்கு ஏற்ற நிலம் தயாராகிவிடுகிறது.

இதன் மேல் மருந்துகளின் விளைவும் சேர்கிறது. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். தொடக்க மாதங்களில் தரப்படும் ஸ்டீராய்டு பசியைக் கூட்டுகிறது, இன்சுலினுக்கு உடல் இணங்குவதைக் குறைக்கிறது, தசையைக் கரைக்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் டாக்ரோலிமஸ், கணையத்தின் பீட்டா செல்களில் இன்சுலின் உருவாவதையும் சுரப்பதையும் குறைப்பதால், முன்பு நீரிழிவு இல்லாதவர்களுக்கும் நீரிழிவு வர வழிவகுக்கிறது. சைக்ளோஸ்போரினில் அந்தத் தொல்லை சற்றுக் குறைவு. ஆனால் இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் ஏறுகின்றன. எவரோலிமஸ் எடையைக் கூட்டுவது குறைவு என்றாலும் இரத்தக் கொழுப்பை உயர்த்துகிறது. எந்த மருந்தைத் தேர்ந்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் விலை கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

ஆயினும் இந்த மருந்துகளைப் பகையாகப் பார்க்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1963இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் டென்வரில் செய்த முதல் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையில் நோயாளி பிழைக்கவில்லை. அதன் பின் 1970களிலும் ஓராண்டைத் தாண்டி வாழ்ந்தவர்கள் சிறுபான்மையினரே. 1980களில் சைக்ளோஸ்போரின் வந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை நிலைபெற்றது. நோயாளிகள் பத்தாண்டு, இருபதாண்டு என வாழ்வதால்தான் புதிய கல்லீரலில் கொழுப்பு சேர்வதைப் பற்றிப் பேசவே நேர்கிறது. கொழுப்புக்கு அஞ்சித் தாமாகவே மருந்தின் அளவைக் குறைப்பவர், மெதுவாக வளரும் ஒரு நோயைத் தவிர்க்கப்போய் விரைவாகத் தாக்கும் நிராகரிப்பை வரவழைத்துக்கொள்கிறார்.

மரபணுக்களின் பங்கு இங்கே தனிச் சுவை உடையது. பிஎன்பிஎல்ஏ3 என்னும் மரபணுவின் ஒரு மாறுபாடு கொழுப்புக் கல்லீரலுக்கான சாய்வைக் கூட்டுகிறது என 2008இல் கண்டறியப்பட்டது. மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் கல்லீரல் செல்களில் கொடையாளியின் மரபணு இருக்கும். கொழுப்புத் திசுவிலும் தசையிலும் அவருடைய சொந்த மரபணு இருக்கும். ஒரே உடலில் இரு மரபுகள் சேர்ந்து வாழும் இந்த நிலையில், கொடையாளியின் மாறுபாடும் பெற்றவரின் மாறுபாடும் புதிய கல்லீரலில் கொழுப்பு சேர்வதோடு தொடர்புடையவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. கல்லீரலை மட்டும் பார்த்து இந்த நோயை விளங்கிக்கொள்ள முடியாது என்பதற்கு இது இன்னொரு சான்று.

கண்டறிவது எளிதன்று. அறிகுறி ஏதும் இருக்காது. கல்லீரல் நொதிகளின் அளவு இயல்பாக இருக்கும்போதே கொழுப்பு படிந்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் குறைந்த அளவுக் கொழுப்பைத் தவறவிட்டுவிடும். ஃபைப்ரோஸ்கேன் கொழுப்பையும் இறுக்கத்தையும் தோராயமாக மதிப்பிடும், எம்.ஆர்.ஐ. கொழுப்பைத் துல்லியமாக அளக்கும். நொதிகள் உயர்ந்திருந்தாலோ வேறொரு சிக்கல் எழுகிறது. கல்லீரல் மாற்றப்பட்டவரிடம் அந்த உயர்வுக்கு நிராகரிப்பு, பித்தக் குழாய் அடைப்பு, தொற்று, மருந்தின் பக்கவிளைவு என எதுவும் காரணமாகலாம். நிராகரிப்பு என்றால் நோயெதிர்ப்பை மேலும் அடக்க வேண்டும். கொழுப்பு என்றால் அப்படி அடக்குவது தீங்கையே கூட்டும். அதனால்தான் மருத்துவர்கள் பயாப்சி, அதாவது கல்லீரலிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, கேட்கிறார்கள், அதை நோயாளிகள் தேவையற்ற தொல்லையாக நினைத்துவிடக் கூடாது.

திரும்பி வந்த கொழுப்பினால் மட்டும் புதிய கல்லீரல் செயலிழப்பது, குறைந்தபட்சம் முதல் பத்தாண்டுகளில், அரிதாகவே நிகழ்கிறது. பெரிய ஆபத்து இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் இருக்கிறது. மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆண்டுகள் செல்லச் செல்ல, இதய நோய் மரணத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகிறது. கொழுப்பேறிய கல்லீரலும் அந்த இதய நோயும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. 2023இல் பன்னாட்டு மருத்துவர்கள் கூடி இந்த நோய்க்கு வளர்சிதை மாற்றக் கோளாற்றைச் சுட்டும் புதிய பெயரைச் சூட்டியதும் இந்தப் புரிதலால்தான்.

எனவே சிகிச்சை முழு உடலையும் நோக்கியதாகவே அமைகிறது. பொதுவான கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளிடம் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணிகிறது. மாற்றுக் கல்லீரல் உள்ளவர்களுக்கும் வழிகாட்டியாக உள்ளவை இந்த அளவுகளே. ஆனால் பட்டினி கிடந்து குறைக்கும் எடையில் தசையும் போய்விடும் என்பதால், போதிய புரதமும் தசையை வளர்க்கும் எடைப் பயிற்சியும் இவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. ஸ்டீராய்டை மருத்துவர் இயன்றவரை விரைவில் குறைப்பார். இரத்தக் கொழுப்புக்கு ஸ்டேட்டின் தரலாம். ஆனால் சைக்ளோஸ்போரின் உட்கொள்வோருக்கு அது ஸ்டேட்டினின் அளவை இரத்தத்தில் பன்மடங்கு உயர்த்தித் தசைச் சிதைவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதால், எந்த ஸ்டேட்டின், எவ்வளவு என்பதை மாற்று அறுவைச் சிகிச்சைக் குழுவே முடிவு செய்ய வேண்டும்.

அழற்சியும் நார்த்திசுவும் உள்ள கொழுப்புக் கல்லீரலுக்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரெஸ்மெட்டிரோம் என்னும் மருந்துக்கு 2024 மார்ச்சிலும், நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் ஏற்கெனவே பயன்பட்டுவந்த செமாக்ளூடைடுக்கு 2025 ஆகஸ்டிலும் ஒப்புதல் அளித்தது. இரண்டும் சொந்தக் கல்லீரலுடன் வாழும் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளின் அடிப்படையில் ஒப்புதல் பெற்றவை. செமாக்ளூடைடு இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைக் குறைப்பதால், மாற்றுக் கல்லீரல் உள்ளவருக்கு அதைத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் டாக்ரோலிமஸின் இரத்த அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.