பைக்கில் எல்இடி பல்பு: அனுமதி தரும் ஆபீஸ் எதுவும் இல்லை

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உதிரி பாகக் கடைக்குப் போய் முகப்பு விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொன்னால், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது எல்இடி பல்பைத்தான். ‘ஆர்.டி.ஓ. அனுமதி உண்டு’ என்று வாய்கூசாமல் சொல்லி, பத்து நிமிடத்தில் மாட்டியும் தந்துவிடுவார். வாகனச் சோதனையில் வண்டியை ஓரங்கட்டினால் சலான் அவர் பெயரில் வராது. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரில்தான் வரும். தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஒரு வாரச் சம்பளத்தை இப்படி இழப்பதைப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4): அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பல்பு ஒன்று, கைப்பிடிக்குக் கீழே கூடுதலாக மாட்டிய விளக்கு இன்னொன்று என்று கணக்கு ஏறும்.

“ஆர்.சி.யில் பல்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, பிறகு எப்படிக் குற்றம்?” என்று பலர் வாதிடுகிறார்கள். ஆர்.சி.யில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விளக்குகளுக்குத் தனி விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் அப்படித் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. எல்இடி மாட்டியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய ஹாலஜன் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு தகரக் கிண்ணம் ஒட்டியிருக்கும். மேலே எழும் ஒளியைத் தடுத்து, சாலையில் மட்டும் விழவைப்பது அந்தக் கிண்ணம்தான். விளக்குக்குள் ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே வார்க்கப்பட்டது. எல்இடி பல்பில் ஒளி வரும் இடம் இம்மி விலகினாலும் டிம்மில் போட்ட வெளிச்சம் எதிரில் வருபவர் முகத்தில் அடிக்கும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் விடியும் முன்பே சாலையில் இறங்கிவிடுகிறார்கள். கண் கூசிய எதிர்வண்டிக்காரர் ஓரமாக ஒதுங்கும்போது அங்கே இருப்பது அவர்கள்தான்.

“பக்கத்து வீட்டுப் புது பைக்கில் எல்இடிதானே எரிகிறது?” என்பது அடுத்த வாதம். அந்த வண்டியின் விளக்கு முழுத் தொகுப்பாக வடிவமைக்கப்பட்டு, வண்டியோடு சேர்த்துச் சோதனைக் கூடத்தில் ஒப்புதல் பெற்றது. ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் செருகிவிட்டு அதே உரிமையைக் கேட்க முடியாது.

சரி, முறைப்படி அனுமதி வாங்கிவிடலாம் என்று நினைக்கும் நேர்மையான ஆட்கள்தான் அதிகம் அலைகிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால், “ஷோரூமில் கடிதம் வாங்கி வாருங்கள்” என்பார்கள். ஷோரூமில், “நாங்கள் மாட்டாத பொருளுக்கு நாங்கள் எப்படிக் கடிதம் தருவது?” என்பார்கள். திரும்பி வந்தால் இருக்கையில் வேறொருவர் இருப்பார். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. ராயவரம், கோனாபட்டுக்காரர் பிழைப்புக்குக் காரைக்குடி வருகிறார். அவர் முகவரியோ புதுக்கோட்டை மாவட்டம். “உங்கள் வண்டி எங்கள் எல்லையில் வராது” என்று இங்கே ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். நிறம் மாற்றினாலோ எரிவாயு கிட் பொருத்தினாலோ ஆர்.சி.யில் பதிய வழி இருக்கிறது. பல்பு மாற்றத்தைப் பதிய ஆர்.சி.யில் இடமே கிடையாது. இதை முதல் நாளே முதல் கவுண்டரிலேயே சொல்லிவிடலாம். யாரும் சொல்வதில்லை.

வாசலில் நிற்கும் புரோக்கர், “ஆயிரம் கொடுங்கள், பதிந்து தருகிறேன்” என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். இல்லாத அனுமதியை எவரும் வாங்கித் தர முடியாது.

சலான் வந்துவிட்டால் தொகையைப் பார்க்கும் முன் பிரிவு எண்ணைப் பாருங்கள். 177 என்றால் அது பொதுவான விதிமீறல். முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 வரை. 182ஏ(4) என்றால் ஐயாயிரம். டிம் அடிக்காமல் ஹைபீமில் போனதற்கு நிறுத்திவிட்டு, வண்டியை மாற்றியமைத்ததாக எழுதியிருந்தால் அதை நீங்கள் கேள்வி கேட்கலாம். எந்த மாற்றம் என்று சலானில் குறிப்பு இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று பாருங்கள். இ-சலான் இணையதளத்தில் புகார் பதியும் பகுதி இருக்கிறது. நீதிமன்றத்திலும் மறுக்கலாம். எதிர்க்கப்போகிறீர்கள் என்றால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்; கட்டினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். சாலையோரத்தில் ரசீது இல்லாமல் கையில் காசு கொடுத்தால் அபராதம் கட்டியதாகவும் ஆகாது, எதிர்த்ததாகவும் ஆகாது. சலான் பிறகும் வரும்.

குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது என்பது அடுத்த சிக்கல். அப்பா பெயரில் வண்டி, அப்பா மலேசியாவில், ஆர்.சி.யில் இருப்பது அவருடைய பழைய செல்பேசி எண். மகன் ஓட்டுகிறான், சலான் வந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் மாற்றவோ புதுப்பிக்கவோ போகும்போதுதான் நிலுவை முன்னால் வந்து நிற்கும். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனில் செல்பேசி எண்ணை மாற்ற முடியும். அதை முதலில் செய்யுங்கள்.

பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை ஆய்வாளர் பார்ப்பார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் மெக்கானிக்கிடம் ஹாலஜன் பல்பை இரவல் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. இரவல் வாங்குவதை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்பதுண்டு.

காப்பீட்டையும் மறக்க வேண்டாம். எல்இடிக்காக ஒயரை அறுத்து ஒட்டியிருந்தால், பிறகு வண்டி தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முதலில் பார்ப்பது அந்த ஒட்டைத்தான். இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே போதும்.

உண்மையில் வெளிச்சம்தான் பிரச்சினை என்றால் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. 2017 ஏப்ரல் முதல் தயாரான இருசக்கர வண்டிகளில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். பகலிலும் எரிவதால் பல்பு சீக்கிரம் மங்குகிறது. வண்டியோடு வந்த அதே வாட்டில் (பல வண்டிகளில் 35/35) நல்ல நிறுவனத்தின் ஹாலஜன் பல்பை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் எந்தப் பல்பும் உதவாது. அதைத்தான் மாற்ற வேண்டும். ஹோல்டரில் பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து நேராக வரும். அவற்றில் எல்இடி மினுக்மினுக்கென்று துடிக்கும். 100/90 வாட் பல்பு என்று ஆசை காட்டினால் வாங்காதீர்கள், ஹோல்டர் உருகிவிடும்.

பல்பு மாற்றியதும் சமதரையில் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஓட்டுபவரை மேலே உட்காரவைத்து டிம் போடுங்கள். சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கின் திருகைச் சரிசெய்ய வேண்டும். எந்த மெக்கானிக்கும் செய்வார்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போடும் முன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எல்இடி மாட்டியிருந்தால் விற்பவரையே கழற்றித் தரச் சொல்லுங்கள், நிலுவைச் சலான் எதுவும் இல்லை என்பதை வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். பெயர் மாறிய மறுநாளிலிருந்து அந்தப் பல்புக்குப் பொறுப்பு உங்களுடையது.