நீங்கள் விற்ற டயர் உங்களுடையதில்லை

போன மாதம் ஒரு காலை, நான் என் வக்கீல் ஆபீஸ் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பை. அதற்குள் கடன் கணக்கு எழுதும் நான்கு 555 புத்தகங்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பில்கள், பணமில்லாமல் திரும்பி வந்த ஒரு செக். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் டயர் கடை வைத்திருப்பவர். கடனை வசூலிக்க வழி கேட்கத்தான் தெலுக் இந்தானுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. போலீஸ் இவரைத்தான் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருந்தது.

செம்பனைக் குலை ஏற்றும் லோரிக் குத்தகைக்காரர் ஒருவருக்குக் கடனுக்கு டயர் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பாக்கி 38,400 ரிங்கிட். போன் எடுப்பதில்லை, வீட்டுக்குப் போனால் ஆள் இல்லை. ஒருநாள் ராத்திரி மகனையும் ஜாக்கியையும் கூட்டிக்கொண்டு போய், தோட்டத்துச் சாலையோரம் நின்ற லோரியிலிருந்து இரண்டு டயரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் வித்த டயர்தானே தம்பி. அவன் இன்னும் ஒரு காசு கொடுக்கல. அப்ப அது என் டயர்தானே?"

இல்லை அண்ணே.

இந்த வருடம் இதே பேச்சைக் கேட்பது எனக்கு மூன்றாவது தடவை. ஒருவர் தண்ணீர் பம்பைத் தூக்கினார். இன்னொருவர் கடன்காரரின் அடையாளக் கார்டைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டு, மேலே 'மோசடிக்காரன்' என்று எழுதி, இப்போது அவதூறு வழக்கில் மாட்டியிருக்கிறார். பணம் வர வேண்டியவர்கள் எல்லாம் பணம் கட்ட வேண்டியவர்களாக மாறி என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

கடனுக்கு விற்றாலும் விற்றது விற்றதுதான். சரக்கு கைமாறியதும் பொதுவாக உரிமையும் அதோடு போய்விடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது பணம் கேட்கும் உரிமை மட்டும். 'முழுப் பணமும் கட்டும்வரை சரக்கு எங்களுடையதே' என்று பில்லில் தெளிவாக எழுதி, வாங்குபவர் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போதும் ராத்திரியில் ஜாக்கியோடு போகச் சொல்லிச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

அடுத்தது போலீஸ் ரிப்போர்ட். இதைப் பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்துவிட்டது. கடனைத் திருப்பித் தராதது குற்றம் இல்லை. நிலையத்தில் 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் உங்களை அலட்சியப்படுத்தவில்லை. சரியாகத்தான் சொல்கிறார்கள். தண்டனைச் சட்டம் 420 ஏமாற்றுதல் பற்றியது. சரக்கு வாங்கும் அன்றே கொடுக்கும் எண்ணம் இல்லாமல், பொய் சொல்லி வாங்கினார் என்று காட்டினால்தான் அது நிற்கும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு மூன்றாம் வருடம் நின்றுபோனவரைப் பற்றி எந்த மாஜிஸ்திரேட்டிடம் போய் அப்படிச் சொல்வீர்கள்?

'செக் திரும்பிடுச்சே, உள்ளே தள்ள முடியாதா?' என்று உடனே கேட்பார்கள். யூடியூபில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசுவதைப் பார்த்துவிட்டு வருகிற கேள்வி இது. இந்தியாவில் 138 என்று ஒரு பிரிவு இருக்கிறது. செக் திரும்பி, நோட்டீஸ் கொடுத்தும் பணம் கட்டாவிட்டால் அங்கே அது குற்றம், சிறைகூட உண்டு. அது இந்தியச் சட்டம். மலேசியாவில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. வீடியோவைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் வாசகத்தைக்கூட எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், '15 நாளில் கட்டாவிட்டால் 138-இன் கீழ்...' என்று. அதைக் கிழித்துப் போடுவதுதான் அன்றைக்கு என் முதல் வேலை.

அதற்காகச் செக்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிவில் வழக்கில் அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. கையெழுத்துப் போட்டு இத்தனை ரிங்கிட் தருகிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்த தாள் அது. சொல்லத்தக்க எதிர்வாதம் அவரிடம் இல்லையென்றால், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி முழு விசாரணை நடத்தாமலேயே சுருக்கத் தீர்ப்புக் கேட்கலாம்.

ஆட்களை அனுப்பி மிரட்டுவது, வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, கேங் பெயரைச் சொல்லிப் போன் போடுவது பற்றி ஒரே வரி போதும்: அது குற்றமுறையான மிரட்டல், அதில் சிறைக்குப் போவது நீங்கள்.

இனி நான் உண்மையிலேயே கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. காலம். தீபகற்பத்தில் 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 'பாவம், பிள்ளை கல்யாணம் முடியட்டும்', 'தீபாவளி போகட்டும்', 'கோயில் திருவிழாவில் பார்க்கிற முகம்' என்று நம்மவர்கள் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கடன் வாங்கியவரின் வக்கீல் ஒருநாள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கிறார்.

மளிகைக் கடை நடத்தும் ஓர் அம்மா வந்தார். தோட்டக் குத்தகையாளர் ஒருவரின் தொழிலாளர்களுக்கு அரிசி பருப்பு கொடுத்த வகையில் 11,700 ரிங்கிட் பாக்கி. தேதியைக் கூட்டிப் பார்த்தேன், ஆறு வருடமும் நான்கு மாதமும். முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தவன், பழைய பேங்க் அறிக்கைகள் இருக்கின்றனவா என்று கேட்டு வைத்தேன். மறுநாள் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டு வந்தார். பக்கம் பக்கமாக விரலை ஓட்டியதில் மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி வாரத்தில் ஒரு வரி. 300 ரிங்கிட் வரவு, அனுப்பியவர் அதே குத்தகையாளர், குறிப்பில் 'அரிசி பாக்கி' என்று மலாயில் அடித்திருந்தது. அந்த அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லை. கடனில் ஒரு பகுதியைக் கட்டினால் ஆறு வருடக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. எதிர்த்தரப்பு அந்த 300 எந்தப் பில்லுக்கு என்று வாதாடத்தான் போகிறது, ஆனால் வழக்கு உயிரோடு இருக்கிறது. கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்துக்கும் இதே பலன்தான். வாய்ப்பேச்சாக 'தர்றேன்கா, தர்றேன்கா' என்று நூறு தடவை சொன்னதற்கு அந்தப் பலன் இல்லை.

சரி, வழி என்ன? முதலில் கோரிக்கைக் கடிதம். தொகை, பில் எண்கள், 7 அல்லது 14 நாள் கெடு. பாதிப் பேர் இதிலேயே போன் போட்டுவிடுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் தொகையைப் பொறுத்து நீதிமன்றம். 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே சிறு கோரிக்கை முறை இருக்கிறது. படிவம் 198-ஐ நிரப்பி நீங்களே போடலாம், வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் தனி மனிதராக இருக்க வேண்டும், சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், அங்கே வழக்குப் போட முடியாது. அதற்கு மேல் 100,000 வரை சாதாரண மாஜிஸ்திரேட் வழக்கு, 1,000,000 வரை செஷன்ஸ், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள், அது வாங்குபவர்களுக்கானது. சம்மன் கிடைத்து 14 நாளில் அவர் ஆஜராவதாகத் தெரிவிக்காவிட்டால், ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பு வாங்கலாம்.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிட்டதாக நினைத்து ஆட்டுக்கறி வாங்கப் போகிறவர்கள் உண்டு. தீர்ப்பு ஒரு தாள். 12 வருடம் உயிரோடு இருக்கும், ஆறு வருடம் தாண்டினால் சொத்தைக் கைப்பற்ற நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்தத் தாளைப் பணமாக்குவதுதான் மெய்யான வேலை. லோரியைக் கைப்பற்றி ஏலம் விடலாம் என்பார்கள். லோரி பாதிக்குப் பாதி தவணையில் ஓடுகிறது, பேங்குக்குச் சொந்தமானதை நாம் ஏலம் விட முடியாது. கடன்காரரை நீதிமன்றத்துக்கு அழைத்து வருமானத்தை விசாரித்துத் தவணை போடவைக்கலாம். வசதி இருந்தும் அந்தத் தவணையைக் கட்டாமல் விட்டால்தான் சிறைப் பேச்சு எழும்.

டயர் கடைக்காரர் விஷயத்தில் எனக்குப் பிடித்த வழி வேறு. அந்தக் குத்தகைக்காரரின் லோரிகள் ஒரு செம்பனை ஆலைக்கு ஓடுகின்றன. ஆலை அவருக்குக் கூலி தர வேண்டும். தீர்ப்பு கிடைத்ததும் நீதிமன்ற உத்தரவு வாங்கி, ஆலை தர வேண்டிய அந்தக் கூலியை நேராக நம் பக்கம் திருப்பலாம். பேங்க் கணக்கில் இருக்கும் பணத்துக்கும் இதே உத்தரவு வாங்கலாம். கடன்காரரைத் தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை, அவருக்கு யார் பணம் தர வேண்டும் என்று தெரிந்தால் போதும். யார் ஆலை, எந்தப் பேங்க் என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்பு கொடுத்த செக்கிலேயே பேங்கின் பெயர் இருக்கிறது.

கடன்பட்டது நிறுவனமாக இருந்து தொகை 50,000 ரிங்கிட்டைத் தாண்டினால், 21 நாளில் கட்டாவிட்டால் நிறுவனத்தைக் கலைக்கக் கோருவோம் என்று நோட்டீஸ் அனுப்பலாம். தனி ஆளைத் திவாலாக்க 100,000 வேண்டும். கணக்கில் தகராறு இருக்கும்போது மிரட்டுவதற்காக இதை எடுத்தால் நீதிமன்றம் உங்கள் தலையில்தான் செலவைக் கட்டும்.

இனி கடன் கொடுப்பவர்களுக்கு. யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்-இல் தேடிப் பாருங்கள், சில ரிங்கிட்தான் செலவு. கடைப் பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், செக்கில் வேறொரு பெயர் என்றால் யார்மேல் வழக்குப் போடுவது? எண்டர்பிரைஸ் என்றால் முதலாளியே பொறுப்பு. சென்டிரியான் பெர்ஹாட் என்றால் நிறுவனம்தான் பொறுப்பு, இயக்குநரின் பென்ஸ் காரைப் பார்த்துக் கடன் கொடுத்துப் பயனில்லை. அவரிடம் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதி வாங்குங்கள். சரக்கு இறக்கும்போது டெலிவரி ஆர்டரில் கையெழுத்து, பெயர், அடையாளக் கார்டு எண், சாப்பு (முத்திரை) எல்லாம் வேண்டும். தோட்டத்துக் கிராணி வெறுமனே ஒரு கோடு கிழித்துத் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், நாளைக்கு அந்தக் கிராணி வேறு தோட்டத்தில் இருப்பார். மாதா மாதம் பாக்கிக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஆமாம், சரி' என்று பதில் வாங்குங்கள். போன் மாற்றும்போது அதை அழித்துவிடாதீர்கள். தாமத வட்டி வேண்டுமென்றால் முதலிலேயே எழுதி ஒப்புக்கொள்ள வைக்கவேண்டும். பாக்கியைக் கைமாற்றுக் கடனாக மாற்றி மாதம் பத்து விழுக்காடு வட்டி என்று எழுதி வாங்கினால், உரிமம் இல்லாமல் வட்டிக்கு விட்டவராக நீங்களே நிற்க நேரும். மூன்று மாதம் பாக்கி நின்றால் சரக்கை நிறுத்துங்கள். முகத்துக்கு அஞ்சி மறுபடி இறக்காதீர்கள்.

டயர் கடைக்காரர் சார்பில் குத்தகைக்காரருக்குக் கோரிக்கைக் கடிதம் போய்விட்டது. 38,400-க்கும் பில் இருக்கிறது, செக் இருக்கிறது, பணம் திரும்பும் என்றே நினைக்கிறேன். கழற்றி வந்த இரண்டு டயரும் இப்போது போலீஸ் நிலையத்தின் பின்னால் சீட்டு ஒட்டிக் கிடக்கின்றன, அவர் கடையின் பெயரைச் சாக்பீஸால் எழுதியது இன்னும் அழியாமல். விசாரணை அதிகாரி மகனையும் வரச் சொல்லியிருக்கிறார்.